சில புள்ளிகளுக்கு நடுவே மட்டும் தூரம் இரு மடங்காக வருகிறது, பிழை எங்கே?

#1 புதுநிரலி

வணக்கம் நண்பர்களே. வேறொருவர் எழுதிவிட்டுப் போன நிரல் இப்போது என் தலையில். வண்டிகளில் உள்ள ஜிபிஎஸ் கருவிகள் அனுப்பும் புள்ளிகளை வாங்கி, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிறது. பைத்தான். கோளத்தின் மேல் இரு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைத் தரும் ஹாவர்சைன் சூத்திரம். பூமியின் ஆரம் 6371 கிமீ.

சில ஜோடிகளுக்கு விடை ஏறக்குறைய சரி. சிலவற்றுக்கு இரு மடங்கு. முன்பு இருந்தவரும் இதைக் கவனித்திருப்பார் போல, கடைசி வரியில் விடையை 0.78 ஆல் பெருக்கி வைத்திருக்கிறார். ஏன் 0.78 என்று ஒரு குறிப்பும் இல்லை. அதை நீக்கிவிட்டுத்தான் சோதிக்கிறேன்.

சூத்திரத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டேன், சரியாக இருக்கிறது. அலகுச் சோதனையும் (நிரலின் ஒரு பகுதியைத் தெரிந்த விடையோடு ஒப்பிடும் சோதனை) உண்டு: (0, 0) முதல் (1, 1) வரை 157.2 கிமீ வர வேண்டும், வருகிறது. வேறு எங்கே பார்ப்பது? இல்லை, 0.78க்குப் பதிலாக இன்னும் பொருத்தமான ஒரு எண்ணைக் கண்டுபிடித்துப் போட்டால் போதுமா?

#2 அவசரக்குடுக்கை

ரேடியன். சைன் கேக்குற கோண அலகு அது, பாகையை அதுக்கு மாத்தாம அப்படியே சைனுக்குள்ள விட்டிருப்பாங்க. இந்தக் கேள்வி வந்தாலே பதில் அதுதான்.

#3 வட்டமும்கோடும்

இந்த முறை அது இல்லை. 1 பாகையை 1 ரேடியன் என்று எடுத்துக்கொண்டிருந்தால் அந்த அலகுச் சோதனையில் 157க்குப் பதில் சுமார் 8,120 கிமீ வந்திருக்கும். ரேடியன் பிழையில் "சில ஜோடிகள் சரி" என்ற பேச்சுக்கே இடமில்லை, எல்லாமே கண்டபடி இருக்கும்.

புதுநிரலி, பெருக்கல் எண்ணைத் தயவுசெய்து தேடாதீர்கள். எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் பிழை இருந்தால்தான் அப்படி ஒரு எண் இருக்கவே முடியும். மைலையும் கிலோமீட்டரையும் குழப்பினால் அப்படி வரும்: 6371க்குப் பதில் 3958.8 போட்டிருந்தால் எல்லா விடையும் 1.609 மடங்கு குறையும். உங்களுடையது அந்த வகை இல்லை. திசைக்குத் திசை மாறுகிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்த இரண்டு ஜோடிகளையும் ஓட்டிவிட்டு விடையை இரண்டு தசமத்தோடு போடுங்கள். எல்லாமே முதலில் அட்சரேகை, அடுத்து தீர்க்கரேகை.

அ) (60, 10) முதல் (61, 10). நேர் வடக்கு. வர வேண்டியது 111.42 கிமீ.
ஆ) (60, 10) முதல் (60, 11). ஏறக்குறைய நேர் கிழக்கு. வர வேண்டியது 55.80 கிமீ.

ஏன் 60? அதன் கோசைன் சரியாக அரை. அங்கே கிழக்கு மேற்கில் ஒரு பாகை, வடக்கு தெற்கில் ஒரு பாகையின் பாதிதான். கோசைன் எங்காவது தொலைந்திருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

#4 புதுநிரலி

அ) 109.51
ஆ) 111.19

வடக்கில் கொஞ்சம் குறைவு, கிழக்கில் இரு மடங்கு. சூத்திரத்தில் இரண்டு அட்சரேகைகளின் கோசைனும் பெருக்கலில் இருக்கிறது, இப்போதும் பார்த்தேன்.

#5 தரவுத்தச்சன்

60இல் இரு மடங்கு என்றால் எனக்கு உடனே தோன்றுவது வெப் மெர்கேட்டர். இணைய வரைபடங்கள் பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் முறை, குறியெண் ஈபிஎஸ்ஜி 3857. வரைபட ஓடுகளுக்காக வைத்திருக்கும் மீட்டர்களை யாராவது நிஜ மீட்டர் என்று நினைத்துக் கழித்தால் இப்படித்தான் ஆகும். அந்த வரைபடத்தில் 60 பாகையில் எல்லாம் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

#6 வட்டமும்கோடும்

நல்ல சந்தேகம், ஆனால் "எல்லாம்" என்பதைக் கவனியுங்கள். மெர்கேட்டர் இரண்டு திசையிலும் நீட்டும். அப்போது (அ) சுமார் 226, (ஆ) 111.32 வந்திருக்கும். வடக்கு 109.51 ஆகக் குறைந்திருப்பதை மெர்கேட்டரால் விளக்க முடியாது.

கோசைன் விடுபட்டிருந்தால் (அ) 111.19, (ஆ) 111.19. கிழக்கு கெட்டிருக்கும், வடக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஆக, அந்த 109.51தான் துப்பு. 111.19ஐ 10 பாகையின் கோசைனால் (0.9848) பெருக்கிப் பாருங்கள். அட்டகாசமாக 109.51. நிரல் 10ஐ அட்சரேகையாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அட்சமும் தீர்க்கமும் இடம் மாறிப் போயிருக்கின்றன. சூத்திரத்தில் குற்றமே இல்லை, அதற்குள் போகும் வரிசைதான் தப்பு.

#7 அவசரக்குடுக்கை

அப்போ அலகுச் சோதனை எப்படிப் பாஸாச்சு? அது இடிக்குதே.

#8 வட்டமும்கோடும்

(0, 0), (1, 1). இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். மாறாது :) இந்தச் சோதனை எத்தனை நிரல்களில் இருக்கிறதோ தெரியவில்லை, 157.2 என்ற எண்ணைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் கோசைன் கிட்டத்தட்ட 1 என்பதால் கோசைன் விடுபட்டாலும் அது கண்டுபிடிக்காது.

சோதனைக்கு எடுக்கும் புள்ளிகள் சமச்சீர் இல்லாமல் இருக்க வேண்டும். அட்சம் பெரிதாக, தீர்க்கம் அதிலிருந்து நன்றாக விலகி, ஒன்றாவது எதிர்க்குறியோடு. 180 பாகைக் கோட்டைத் தாண்டும் ஒரு ஜோடியும் அவசியம்: (0, 179.9), (0, −179.9). சரியான விடை 22 கிமீ சொச்சம். ஹாவர்சைனுக்கு இதில் சிக்கல் வராது, சைன் வர்க்கம் பார்த்துக்கொள்ளும். ஆனால் வேகத்துக்காகத் தட்டையான பைதாகரஸ் கணக்குப் போட்டவர்களுக்கு இதே ஜோடி 40,000 கிமீக்கு மேல் காட்டும், வண்டி பூமியையே சுற்றி வந்ததுபோல.

#9 புதுநிரலி

கண்டுபிடித்துவிட்டேன். கருவியிலிருந்து நேராக வரும் புள்ளிகள் அட்சம், தீர்க்கம் என்ற வரிசையில் வருகின்றன. இடையில் ஒரு சேவை அவற்றை ஜியோஜேசனாக (இடத் தரவை எழுதும் ஒரு வடிவம்) மாற்றி அனுப்புகிறது, அதில் தீர்க்கம் முதலில். தூரம் கணக்கிடும் செயற்கூறு அந்தப் பட்டியலை அப்படியே பிரித்து அட்சம், தீர்க்கம் என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் தந்த ஜோடிகளையும் அதே வழியாகத்தான் செலுத்தினேன், அதனால்தான் மாட்டியது. மாற்றிய பிறகு (அ) 111.19, (ஆ) 55.60.

ஒன்று மட்டும் புரியவில்லை. அட்சரேகை 90ஐத் தாண்டினால் பிழை என்று நிறுத்தும் ஒரு வரி இருக்கிறது. அது ஏன் ஒரு தடவைகூடக் கத்தவில்லை?

#10 தரவுத்தச்சன்

உங்கள் தீர்க்கரேகைகள் எல்லாம் 90க்குள் இருந்தால் அது ஏன் கத்தப்போகிறது? அந்தக் காவல் உலகின் பாதிக்குத்தான் வேலை செய்யும்.

இந்த வரிசைக் குழப்பத்தில் நான் பட்ட பாட்டை வைத்துச் சொல்கிறேன், யாரையும் நம்பாதீர்கள், ஆவணத்தைத் திறந்து பாருங்கள். ஜியோஜேசனில் தீர்க்கம் முதலில், 2016இல் வந்த அதன் தர ஆவணம் ஆர்எஃப்சி 7946 அப்படித்தான் சொல்கிறது. இடத் தரவுக்கான தரவுத்தள நீட்சி போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் புள்ளி உருவாக்கும்போதும் தீர்க்கம் முதலில். பைத்தானின் ஜியோபை நூலகம் நேர் எதிர், அட்சம் முதலில். தேடல் மென்பொருள் எலாஸ்டிக்சர்ச்தான் எல்லோருக்கும் அண்ணன்: அதே புலத்துக்கு எழுத்துச்சரமாகக் கொடுத்தால் அட்சம் முதலில், பட்டியலாகக் கொடுத்தால் தீர்க்கம் முதலில்! மைஎஸ்க்யூஎல் 8 தரவுத்தளத்தில் 4326 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் அட்ச, தீர்க்க முறையின் குறியெண்) என்று குறித்துவிட்டு உரை வடிவில் புள்ளி கொடுத்தால் அட்சம் முதலில் என்று எடுத்துக்கொள்ளும்.

அதனால் நான் வெறும் இரண்டு எண்களை எந்தச் செயற்கூறுக்கும் கொடுப்பதில்லை. பெயர் வைத்த புலங்கள் மட்டும்தான்.

போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் இன்னொரு பள்ளம். வகை ஜியோமெட்ரி என்று இருந்தால் தூரம் பாகையில் வரும், ஜியோகிராஃபி என்று இருந்தால் மீட்டரில். "தூரம் 0.9 வருகிறது, இது என்ன அலகு" என்று கேட்டு வருபவர்கள் எல்லாரும் அந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள்.

#11 எக்செல்பிரியை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே தலைப்புதான். எக்செல்லில் ஹாவர்சைன் போட்டேன். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு 20,000 கிமீக்கு மேல் வருகிறது, தூரமான புள்ளிகளுக்குக் குறைகிறது! ரேடியன் மாற்றம் எல்லாம் செய்துவிட்டேன்.

#12 வட்டமும்கோடும்

சகோதரி, வந்த விடையை 20,015இலிருந்து கழியுங்கள். சரியான தூரம் கிடைக்கிறதா?

#13 எக்செல்பிரியை

ஐயோ, ஆமாம்! எப்படி?

#14 வட்டமும்கோடும்

ஏடேன்2, அதாவது எக்ஸ், ஒய் இரண்டையும் வாங்கிக் கோணம் தரும் சார்பு. நிரல் மொழிகள் பெரும்பாலானவற்றில் அது முதலில் ஒய், பிறகு எக்ஸ் கேட்கும். எக்செல் முதலில் எக்ஸ் கேட்கும். வேறொரு மொழியில் இருந்த சூத்திரத்தை அப்படியே ஒட்டினால் கோணம் தலைகீழாகி, பை கழித்தல் சரியான கோணம் என்று ஆகிவிடும். பூமியின் அரைச் சுற்று 6371 × பை = 20,015 கிமீ, அதனால்தான் அந்த எண். உள்ளே இருக்கும் இரண்டையும் இடம் மாற்றுங்கள், முடிந்தது.

#15 புதுநிரலி

எல்லோருக்கும் நன்றி. ஆனால் (ஆ)வில் இன்னும் 200 மீட்டர் குறைகிறதே? நீங்கள் 55.80 என்றீர்கள், எனக்கு 55.60. (அ)விலும் 230 மீட்டர்.

#16 வட்டமும்கோடும்

அது பிழை அல்ல, உருண்டை. ஹாவர்சைன் பூமியைச் சீரான கோளம் என்று வைத்துக்கொள்கிறது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 மாதிரியில் பூமத்திய ரேகையில் ஆரம் 6378.137 கிமீ, துருவத்தில் 6356.752 கிமீ. 21 கிமீக்கு மேல் வித்தியாசம். வடக்கு தெற்காக ஒரு பாகை பூமத்திய ரேகையில் 110.57 கிமீ, துருவத்தில் 111.69 கிமீ. 6371 என்பது ஒரு சராசரி, அவ்வளவுதான். எந்த ஆரத்தைப் போட்டாலும் ஏதோ ஒரு திசையில், ஏதோ ஓர் இடத்தில் பொருந்தாது. கோளக் கணக்கில் 0.5 சதவீதம் வரை பிழையை எதிர்பார்க்கலாம். உங்களுடையது 0.36ம் 0.2ம்.

அது வேண்டாம் என்றால் நீள்கோளத்தில் கணக்கிட வேண்டும். வின்சென்டி 1975இல் வெளியிட்ட முறை நெடுங்காலம் எல்லாரும் பயன்படுத்தியது, மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியம். ஆண்ட்ராய்டின் தூரக் கணக்கும் அதுதான். ஆனால் பூமியின் ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கத்துப் புள்ளிகளுக்கு அது முடிவுக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். (0, 0) முதல் (0.5, 179.7) வரை போட்டுப் பாருங்கள். 2013இல் சார்ல்ஸ் கார்னி வெளியிட்ட முறையில் இந்தக் குறை இல்லை. அவருடைய ஜியோகிராஃபிக்லிப் நூலகம் பல நிரல் மொழிகளில் கிடைக்கிறது. ஜியோபையிலும் வின்சென்டியை 2.0 பதிப்போடு எடுத்துவிட்டார்கள், ஜியோடெசிக் என்று இருப்பது கார்னியின் முறைதான்.

#17 அவசரக்குடுக்கை

வண்டி எங்க நிக்குதுன்னு பாக்குறதுக்கு நானோமீட்டர் கணக்கா? 0.3 சதவீதம் யாருக்கு வேணும். இன்னும் சொல்லப்போனா ஹாவர்சைன்கூட வேணாம், கோளத்துக்கான கோசைன் விதி ஒரே வரி. ஆர்க்கோசைன் எடுத்தா முடிஞ்சது.

#18 வட்டமும்கோடும்

முதல் பாதியில் உங்களோடு உடன்படுகிறேன். அருகில் உள்ள பத்துக் கிடங்குகளை வரிசைப்படுத்த ஹாவர்சைன் தாராளம். ஆனால் கிமீக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிட்டால், 0.3 சதவீதம் எல்லா விலைப்பட்டியலிலும் ஒரே பக்கம் சாயும். வேறு மென்பொருளோடு ஒப்பிடும் நிலை வந்தாலும் இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு வரிச் சூத்திரத்தில் எனக்கு உடன்பாடில்லை. சிறிய கோணத்தின் கோசைன் 1ஐ ஒட்டி நிற்கும். 32 பிட் மிதவைப்புள்ளியில் (கணினி தசம எண்களை வைக்கும் வடிவம்) 1க்குக் கீழே அடுத்த எண்ணுக்கான இடைவெளி சுமார் 0.00000006. அதைத் தூரமாக்கினால் 2 கிமீக்கு மேல்! அந்தத் தெருவில் நடக்கும் எல்லாமே 0 அல்லது 2.2 கிமீ. 64 பிட்டில் இது சுமார் 10 சென்டிமீட்டராக இறங்கிவிடும், தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரே புள்ளியை இரண்டு தடவை கொடுத்தால் சில சமயம் 1.0000000000000002 என்று வந்து ஆர்க்கோசைன் 'எண் அல்ல' என்று கையை விரிக்கும். நிற்கும் வண்டிக்கு இது தினசரி நடக்கும். ஹாவர்சைனை மாலுமிகள் அட்டவணை போட்டுப் பயன்படுத்தியதற்குக் காரணமே சிறிய கோணத்தில் அது கெடாது என்பதுதான். ஜேம்ஸ் இன்மன் அந்தப் பெயரை வைத்தது 1835இல், கணினி வாசனையே இல்லாத காலம்.

#19 புதுநிரலி

ஜியோடெசிக்குக்கு மாறிவிட்டேன். இரண்டு ஜோடியும் இப்போது 111.42, 55.80. ஆனால் இதெல்லாம் சரியான பிறகும் ஒரு நாளின் மொத்தத் தூரம் வண்டியின் ஓடோமீட்டரைவிடக் கூடுதலாக வருகிறது. இரவெல்லாம் நிறுத்திவைத்த வண்டிகூடச் சில கிமீ "ஓடியிருக்கிறது". புள்ளிகள் ஒரு வினாடிக்கு ஒன்று வருகின்றன.

#20 சிறுபிழை

கருவிப் பக்கத்து ஆள் நான். முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். கருவி என்எம்இஏ வடிவில் (பாகையையும் நிமிடத்தையும் சேர்த்தெழுதும் ஜிபிஎஸ் உரை வடிவம்) அனுப்புகிறதா? அதில் 1230.5000 என்றால் 12 பாகை 30.5 நிமிடம், அதாவது 12.50833. யாராவது 100 ஆல் வகுத்து 12.305 என்று வைத்திருந்தால் புள்ளி 22 கிமீ தள்ளிப் போயிருக்கும். எளிய சோதனை: உங்கள் தரவில் தசமப் பகுதி 0.60ஐத் தாண்டும் மதிப்பு ஒன்றாவது இருக்கிறதா? இல்லவே இல்லை என்றால் மாட்டிக்கொண்டீர்கள்.

அது இல்லையென்றால் இது வெறும் நடுக்கம். திறந்த வானத்திலேயே சாதாரணக் கருவியின் புள்ளி சில மீட்டர் அலையும், கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். தூரத்துக்குக் குறைக்குறி கிடையாதே? ஒவ்வொரு அலைச்சலும் மொத்தத்தில் கூடிக்கொண்டே போகும், ஒன்றை ஒன்று அடிக்காது. சூத்திரம் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு துல்லியமாக அந்த நடுக்கத்தை அளந்து தரும்.

#21 தரவுத்தச்சன்

10 மீட்டருக்குக் குறைந்த நகர்வுகளை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, தீர்ந்தது.

#22 சிறுபிழை

வினாடிக்கு ஒரு புள்ளி என்கிறாரே. மணிக்கு 18 கிமீ வேகத்தில் போகும் வண்டி வினாடிக்கு 5 மீட்டர்தான் நகரும். அடுத்தடுத்த புள்ளிகளை ஒப்பிட்டு 10 மீட்டருக்குக் கீழே எறிந்தால் நெரிசலில் ஊர்ந்த தூரம் முழுக்கக் காணாமல் போய்விடும். கடைசியாக ஏற்றுக்கொண்ட புள்ளியோடு ஒப்பிட வேண்டும், முந்தைய புள்ளியோடு அல்ல. அப்படிச் செய்தாலும் வளைவுகளில் மூலையை வெட்டிக்கொண்டு போகும், கொஞ்சம் குறையும்.

என் விருப்பம் வேறு. பெரும்பாலான ஜிபிஎஸ் சில்லுகள் வேகத்தைப் புள்ளிகளைக் கழித்துக் கண்டுபிடிப்பதில்லை, டாப்ளர் மாற்றத்திலிருந்து (நகர்வால் சைகையின் அதிர்வெண் மாறுவது) நேராகக் கணிக்கின்றன. அது நிற்கும்போது சுழிக்குப் பக்கத்திலேயே நிற்கும். வேகம் கிட்டத்தட்ட சுழி என்றால் தூரத்தைக் கூட்டாதீர்கள். வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டி வரும் மொத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

#23 தரவுத்தச்சன்

கடைசியாக ஏற்றுக்கொண்ட புள்ளி, சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாக் கருவியும் வேகத்தை அனுப்பும் என்று சொல்ல முடியாது, அனுப்பினாலும் இடையில் உள்ள சேவை தூக்கி எறிந்திருக்கலாம். புதுநிரலி, அட்டவணையில் அந்த நெடுவரிசைகள் என்ன வகை?

#24 புதுநிரலி

0.60ஐத் தாண்டிய மதிப்புகள் நிறைய இருக்கின்றன, என்எம்இஏ சிக்கல் இல்லை. வேகம் வருகிறது. மைஎஸ்க்யூஎல், இரண்டு நெடுவரிசையும் ஃபுளோட். நிறுத்திய வண்டியின் புள்ளிகளை வரைந்து பார்த்தேன், கட்டம்போட்ட தாளில் வைத்ததுபோல வரிசையாக நிற்கின்றன. இது இயல்பா?

#25 தரவுத்தச்சன்

இயல்பே இல்லை! ஃபுளோட் என்பது 32 பிட் மிதவைப்புள்ளி. அதுவே 60 பாகையில் அரை மீட்டருக்குள்தான் வட்டமிடும், அதை மன்னித்துவிடலாம். ஆனால் மைஎஸ்க்யூஎல் ஃபுளோட் மதிப்பை உரையாக வெளியே தரும்போது 6 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். 60.123456 என்று உள்ளே போனது 60.1235 என்று வெளியே வரும். நான்காவது தசமம் என்றால் 11 மீட்டர் படி. தீர்க்கம் 100ஐத் தாண்டியிருந்தால் மூன்று தசமம்தான் மிஞ்சும், பூமத்திய ரேகையில் 111 மீட்டர் படி.

ஒரு மீட்டர் நடுக்கம் சரியாக ஒரு படியின் விளிம்பில் நடந்தால் வண்டி 11 மீட்டர் அங்கும் இங்கும் தாவும், இரவு முழுக்க. சிறுபிழை சொன்ன நடுக்கம் உண்மைதான், அதை ஊதிப் பெரிதாக்குவது இந்த நெடுவரிசை.

டெசிமல் (9,6) ஆக, அதாவது மொத்தம் 9 இலக்கம், அதில் 6 தசமம் என்று மாற்றுங்கள். ஆறாவது தசமம் 11 சென்டிமீட்டர், அதற்குக் கீழே கருவிக்கே தெரியாது. மாற்றுவதற்கு முன் மூல மதிப்பை வேறு எங்காவது வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், ஃபுளோட்டுக்குள் போய் வந்த பழைய புள்ளிகளைத் திரும்பத் துல்லியமாக்க வழியில்லை.

#26 புதுநிரலி

கருவி அனுப்பிய மூல வரிகள் பதிவுக் கோப்புகளில் அப்படியே இருக்கின்றன, நல்லவேளை. டெசிமலாக மாற்றி ஒரு நாளின் தரவை மட்டும் மறுபடி ஏற்றினேன். கட்டம் போய்விட்டது. வேகம் சுழிக்குப் பக்கத்தில் இருந்தால் கூட்டாதே என்று போட்ட பிறகு, நின்ற வண்டி நின்றபடியே இருக்கிறது. ஓடிய வண்டிகளில் ஓடோமீட்டரைவிட இன்னும் ஒரு சதவீதம் போலக் கூடுதல்.

#27 சிறுபிழை

அந்த ஒரு சதவீதத்துக்கு ஓடோமீட்டரையும் சந்தேகப்படுங்கள். அது சக்கரச் சுற்றை எண்ணுகிறது, டயர் தேய்ந்தால் சக்கரம் சிறிதாகி எண்ணிக்கை கூடும். உங்கள் கணக்கு கூடுதலாக இருப்பதால் தேய்மானம் காரணமாக இருக்க முடியாது, அளவு பெரிய டயர் மாட்டியிருந்தால் பொருந்தும். வண்டிக்கு வண்டி அந்த வித்தியாசம் மாறுகிறதா, இல்லை எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். மாறினால் டயர். ஒன்றுபோல இருந்தால் நடுக்கத்தில் மிச்சம், கடைசியாக ஏற்றுக்கொண்ட புள்ளி என்ற முறையையும் சேர்த்துப் போடுங்கள்.

#28 புதுநிரலி

வண்டிக்கு வண்டி மாறுகிறது. 0.78 இருந்த வரியை நீக்கிவிட்டேன், அலகுச் சோதனையில் (0, 0), (1, 1)க்குப் பதில் அந்த 60 பாகை ஜோடிகளும் 179.9 ஜோடியும்.